அடுப்புக்குப் போகும் வயல்: மத்திய பர்மாப் பயணக் குறிப்புகள்

மார்ச் 9, 2019, சனி: ரங்கூனிலிருந்து மெய்க்டிலா

ரங்கூன் பயின்னவுங் சந்தையில் என் தாய்மாமா பருப்பு வணிகம் செய்கிறார். அவருடைய கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். எங்களிடம் வந்து இறங்கும் துவரை மூட்டைகளில் பெரும்பாலானவை மக்வே, பகோக்கு, மெய்க்டிலா, சவுக்பதவுங் வட்டாரங்களில் விளைந்தவை. அங்கிருந்து வரும் தரகர்கள் சில ஆண்டுகளாக ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். மழை பெய்த ஆண்டிலும் நிலம் முன்போல் விளைவதில்லை. ஏக்கருக்குக் கிடைத்துவந்த கூடைகள் குறைந்துகொண்டே போகின்றன. அறுவடை முடிந்த கையோடு விவசாயிகளை நேரில் பார்த்துவர மாமா புறப்பட்டபோது, அந்தக் குறைக்கு என்ன காரணம் என்று கண்ணால் காண வேண்டும் என்ற எண்ணத்தோடு நானும் கிளம்பினேன். வண்டி ஓட்டியவர் மண்டலேயில் பிறந்து வளர்ந்த தமிழ்த் தம்பி. எங்களிடம் தமிழிலும் சுங்கச்சாவடிகளில் பர்மிய மொழியிலும் பேசிக்கொண்டு வந்தார்.

நெடுஞ்சாலையில் எல்லாப் பேருந்துகளும் நிற்கும் 115 மைல் உணவகத்தில் சோறும் மீன்குழம்பும் 3,500 சாட் (பர்மிய நாணயம்). ரங்கூன் விலையோடு பார்த்தால் அதிகம்தான். ஆனால் குழம்பு, கீரைச்சாறு, பச்சைக் காய்கறித் தட்டு எல்லாவற்றையும் கேட்காமலேயே மறுமுறையும் கொண்டுவந்து வைத்தார்கள். தலைநகர் நேப்பிடாவைத் தாண்டிய பிறகு வயல்களின் நிறம் மாறத் தொடங்கியது. நெல் தாளடிகள் மறைந்து, செம்மண்ணும் வெண்மணலும் கலந்த மேட்டு நிலங்களும், வரப்போரப் பனைகளும், இலையுதிர்த்த முட்புதர்களும் வந்தன. இராமநாதபுரத்திலிருந்து தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. அந்த ஊரைப் புகைப்படங்களில் மட்டுமே கண்டிருக்கும் எனக்கு, சாலையோரக் காட்சி அப்படங்களையே நினைவூட்டியது.

இந்த வறட்சியில் இயற்கைக்கு உள்ள பங்கை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வங்கக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அரக்கான் மலைத்தொடரில் மோதி, மேற்குக் கரையில் உள்ள அக்யாபில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டிவிட்டு, மலையைக் கடக்கும்போது ஈரம் இழந்துவிடுகிறது. அதனால் சகாயிங், மண்டலே, மக்வே ஆகிய மூன்று மாநிலப் பகுதிகளில் பரந்து கிடக்கும் இந்த வறள்நிலத்திற்கு 500 முதல் 1,000 மில்லிமீட்டர் வரைதான் மழை கிடைக்கிறது. அதுவும் தொடர்ந்து பெய்வதில்லை. மே, ஜூனில் ஒரு பாட்டம், ஜூலையில் நீண்ட இடைவெளி, பிறகு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை இன்னொரு பாட்டம். சுமார் 1 கோடி மக்கள் இந்த மழையை நம்பி வாழ்கிறார்கள். ஆனால் இந்த மழைநிழல் நேற்று விழுந்ததன்று. பகான் மன்னர்கள் கோயில் கட்டிய காலத்திலும் அது இருந்தது. மலை மாறவில்லை என்றால், இந்த நிலத்தில் மாறியது எது என்பதுதான் என் கேள்வி.

மார்ச் 10, ஞாயிறு: மெய்க்டிலா

காலைத் தேநீர்க் கடையில் வேகவைத்த பட்டாணி வைத்த சூடான நான் ரொட்டியும் பால் தேநீரும் சேர்த்து 900 சாட். பத்து மணிக்கே வெயில் தோலைச் சுட்டது. நண்பகலில் 38 பாகை செல்சியஸ் என்று தம்பியின் கைபேசி காட்டியது. வயல் எரிப்பின் புகை வானத்தை மங்கலாக்கியிருந்ததால் நிழல்கூடத் தெளிவாக விழவில்லை.

மெய்க்டிலா ஏரி பழைய காலத்து நீர்த்தேக்கம். பகான் மன்னர் அனவ்ரதா 11ஆம் நூற்றாண்டில் அதைச் செப்பனிட்டார் என்பது ஊர் வழக்கு. ஏரியை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கும் பாலத்தின் அருகே தூண்டிலோடு அமர்ந்திருந்த முதியவர், மாமாவைத் தம் அருகில் உட்காரச் சொல்லி, பையிலிருந்த வெற்றிலையில் ஒன்றை மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அவர் சிறுவராக இருந்தபோது கரையிலிருந்து சில அடி தள்ளி நின்றாலே கழுத்தளவு நீர் இருந்ததாம். இப்போது அவர் கைகாட்டிய இடத்தில் கோரைப்புல் முளைத்திருந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கிழக்கேயும் தெற்கேயும் கையை வீசி, "எல்லா மேட்டிலிருந்தும்" என்றார்.

ஏரி தூர்ந்துபோவதும் வயல் மெலிவதும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள் என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. மூடாக்கு இல்லாத மண்ணில் மழைத்துளி வேகமாக விழும்போது மண்ணின் பொருக்குகள் உடைகின்றன. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. காய்ந்ததும் மேலே ஓடு போல ஒரு படலம் இறுகுகிறது. அடுத்த மழை அந்தப் படலத்தின் மேல் வழிந்து ஓடுமே ஒழிய உள்ளே இறங்காது. ஓடும் நீர் எடுத்துச் செல்வது முதலில் மிக நுண்ணிய, மிக வளமான மேல்மண்ணைத்தான். பிறகு ஏரிக்கு அது வண்டல், வயலுக்கு அது நட்டம். மழை அளவைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் எந்த மாற்றமும் தெரியாமலேயே ஒரு நிலம் வறண்டுவிட முடியும். ஏனென்றால் வேருக்குப் பயன்படுவது வானத்திலிருந்து விழுந்த நீரன்று, மண்ணில் தங்கிய நீர்.

பாலைவனமாதலைத் தடுப்பதற்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1994இல் உருவானது. பர்மா அதில் 1997இல் சேர்ந்தது. வறண்ட, ஓரளவு வறண்ட, ஈரம் குறைந்த நிலப்பகுதிகளில், காலநிலை மாறுபாடுகளும் மனிதச் செயல்களும் உட்படப் பல காரணங்களால் நிலவளம் குன்றுவதையே அது பாலைவனமாதல் என்கிறது. மணல்மேடுகள் எங்கிருந்தோ ஊர்ந்து வந்து ஊரை மூட வேண்டியதில்லை. பயிர் விளைகிற, பனை நிற்கிற, மாடு மேய்கிற ஊரிலேயே அது நடக்கும்.

மார்ச் 11, திங்கள்: சவுக்பதவுங் அருகே ஒரு கிராமம்

மாமா வழக்கமாகத் துவரை வாங்கும் விவசாயி ஒருவரின் கிராமத்திற்குப் போக ஒரு மணலாற்றைக் கடக்க வேண்டும். இங்கே இத்தகைய ஆறுகள் ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். அகலம் பார்த்தால் பெரிய நதி போல இருக்கும். நீர் ஒரு சொட்டு இல்லை. நடு ஆற்றில் வேனின் பின் சக்கரங்கள் அச்சு வரை புதைந்துவிட்டன. தம்பி டயர்க் காற்றைக் குறைத்துப் பார்த்தார், தேங்காய் நார்ப் பாயைச் சக்கரத்தடியில் போட்டுப் பார்த்தார், அசையவில்லை. வெயிலில் நாங்கள் நின்ற ஒரு மணி நேரத்திற்குப் பிறகு, மாட்டுவண்டியில் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிவந்த இரண்டு இளைஞர்கள் வண்டியை நிறுத்தி, மாடுகளை அவிழ்த்து, கயிறு கட்டி வேனை இழுத்துக் கரையேற்றினார்கள். மாமா 10,000 சாட் நீட்டினார். அவர்கள் அதைத் தொடவேயில்லை. தண்ணீர் வேண்டுமா என்று எங்களைக் கேட்டார்கள். அந்தப் பீப்பாய், மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து விடியற்காலை முதல் குவளை குவளையாக முகந்து நிரப்பியது என்று பிறகு தெரிந்தது.

கிராமத்து வாசலில் நிழற்கூரையின் கீழ் வழிப்போக்கர்களுக்காக மண்பானைகளில் நீர் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் எனக்கு ஒரு குவளை முகந்து கொடுத்தார். நான் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, மீதியைக் கீழே கொட்டாமல், வாசல் ஓரத்து மிளகாய்ச் செடியின் வேரில் மெல்ல ஊற்றினார்.

விவசாயிக்கு ஏழு ஏக்கர் மேட்டு நிலம். எள்ளும் நிலக்கடலையும் விதைத்து, இடையிடையே துவரை வரிசை விடுவார். நாங்கள் போனபோது எல்லா அறுவடையும் முடிந்து நிலம் மொட்டையாகக் கிடந்தது. நிலக்கடலையை வேரோடு பிடுங்குகிறார்கள். எள்ளையும் வயலில் விட்டுவைப்பதில்லை. துவரைத் தண்டை அடியோடு வெட்டிக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வயலில் ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. மார்ச்சு, ஏப்ரல் காற்று அந்த வெறும் மண்ணை அள்ளுகிறது. மே மாத முதல் மழை, விதைப்பதற்காக உழுது பொடியாக்கிய மண்ணின் மேல் நேராக இறங்குகிறது. நிலம் மிகவும் திறந்து கிடக்கும் நாளும் மழை மிகவும் கடுமையாக அடிக்கும் நாளும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

வயலின் கீழ்க்கோடியில் ஓர் ஓடை வாய் பிளந்திருந்தது. அவர் தந்தை காலத்தில் தாண்டிக் குதிக்கக்கூடிய வாய்க்காலாக இருந்தது, இப்போது இரண்டு ஆள் ஆழம். அதன் விளிம்பில் ஒரு வேப்பமரம், பாதி வேர்கள் காற்றில் தொங்க, சாய்ந்து நின்றது. வெட்டுண்ட சுவரில் மண்ணின் அடுக்குகள் தெரிந்தன: மேலே விரல் தடிமனுக்குச் சற்றே கருத்த மண், அதன் கீழே முழுக்க வெளிறிய மணல், அதற்கும் கீழே சுண்ணாம்புக் கற்கள். ஏழு ஏக்கரின் வாழ்வு முழுவதும் அந்த விரல் தடிமனில் இருக்கிறது.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கிராமத்து மடாலயம். உள்ளே யாரும் மரம் வெட்டுவதில்லை; ஆடுமாடு நுழையாதபடி முள்வேலி போட்டிருக்கிறார்கள். புளி, வேம்பு, பட்டையை அரைத்து முகத்தில் பூசும் தனாக்கா, வாகை என்று உச்சி வெயில் தரையில் படாத அளவுக்கு நிழல். தரையில் உள்ளங்கை ஆழத்துக்குச் சருகு. மாமா தம் தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்துச் சருகை விலக்கிய மண்ணில் ஊற்றினார். விழுந்த இடத்திலேயே நீர் இறங்கி மறைந்தது. வேலிக்கு வெளியே வந்து, மிதிபட்டு இறுகிய தரையில் அதே அளவு ஊற்றினார். நீர் மண்ணின் மேல் தூசியைச் சுருட்டிக்கொண்டு ஓடி, என் செருப்பை நனைத்தது. வேலிக்கு இரு புறமும் ஒரே வானம், ஒரே மழை. இந்த நிலம் வறண்டதற்கு மழையை மட்டும் குறை சொல்பவர்கள் அந்த வேலியருகே ஒரு முறை நின்று பார்க்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

மார்ச் 12, செவ்வாய்: பனங்காட்டில்

காலையில் கொள்ளுப் பயற்றை நொதிக்கவைத்துக் காய்ச்சிய போன்யெக் குழம்பும் சோறும் விவசாயி வீட்டில் சாப்பிட்டோம். புளிப்பும் உப்பும் கலந்த அந்தக் கருநிறக் குழம்பு இந்த வட்டாரத்துக்கே உரியது; மாட்டுக்குப் போடும் தானியம் என்று நம் வீடுகளில் ஒதுக்கிவைக்கும் கொள்ளை இவ்வளவு சுவையாக ஆக்க முடியும் என்று நான் எண்ணியதில்லை.

பிறகு பனையேறிகளின் குடிசைக்குப் போனோம். ஒவ்வொரு பனையிலும் குறுகலான மூங்கில் ஏணி கட்டியிருக்கிறார்கள். இடுப்பில் கலயங்கள் கோத்துக்கொண்டு காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவி, பதநீரை இறக்குகிறார்கள். குடும்பத் தலைவர் மரத்தில், மனைவி அடுப்பில். நீளமான மண் அடுப்பில் வரிசையாக இரும்புச் சட்டிகள் வைத்து, முதல் சட்டியில் நுரைக்கும் பதநீர் கடைசிச் சட்டிக்கு வரும்போது தேன் பதத்துக்கு இறுகுகிறது. அதைத் துடுப்பால் கிளறி இறக்கி, சூடு ஆறுவதற்குள் விரல்களால் உருட்டி உருண்டைகளாகப் பாயில் போடுகிறார்கள். அந்தப் பெண்ணின் விரல் நுனிகள் தழும்பேறி வழுவழுப்பாக இருந்தன. ஒரு வீசை வெல்லம், அதாவது 1.6 கிலோவுக்குச் சற்று மேல், தரகரிடம் 1,000 சாட்டுக்குப் போகிறது என்றார். எங்களுக்கு வெறுந்தேநீரும் ஒரு தட்டு நிறைய உருண்டைகளும் கொடுத்தார். விலை பேச விடவில்லை.

நூறு லிட்டர் பதநீரில் சர்க்கரை ஏறக்குறைய 12 கிலோதான். மிச்ச நீர் முழுவதையும் நெருப்பால் ஆவியாக்கினால்தான் வெல்லம் கிடைக்கும். பருவம் முழுவதும் நாள்தோறும் எரியும் இந்த அடுப்புக்கு என்ன போடுகிறார்கள் என்று பார்த்தேன். விறகு என்று சொல்லத்தக்க கட்டைகள் மிகக் குறைவு. பனை மட்டை, எள் தட்டை, கடலைத் தோல், கட்டுக் கட்டாகத் துவரைத் தண்டு. பக்கத்துக் காடு தீர்ந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. நல்ல விறகு வேண்டுமானால் தொலைவிலிருந்து வண்டியில் வர வேண்டும், அதற்கு வெல்லம் விற்ற காசு கட்டாது. ஆகவே வயலில் மட்கி மண்ணாக வேண்டிய தண்டும் தட்டையும் தோலும் அடுப்புக்கு வருகின்றன. முதலில் மரம் போகிறது. பிறகு மரம் போனதாலேயே வயலின் உணவும் போகிறது. மட்கு இல்லாத மணல் நீரைப் பிடிக்காது, உரத்தையும் பிடிக்காது. விளைச்சல் குறைகிறது; தண்டும் குறைகிறது; குறைந்த தண்டையும் எரித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இது பனையேறிகளின் அடுப்பு மட்டும் அன்று. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான வீடுகளில் சமையல் விறகால்தான் நடந்தது. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் மதிப்பீட்டில், 2010 முதல் 2015 வரை பர்மா ஆண்டுக்கு 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்தது. பிரேசில், இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதுவே மிகப் பெரிய இழப்பு. அந்தப் பேரிழப்பில் வெட்டுமர வணிகத்துக்கும் தோட்டப் பயிர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. 2014 ஏப்ரலில் அறுக்காத மரங்களின் ஏற்றுமதியை அரசு தடை செய்ததும் அதனால்தான். ஆனால் வறள்நிலத்தில் பெருமரம் வெட்டப்பட்ட காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இங்கே இப்போது மறைவது புதர், தளிர், வேர்க்கட்டை, தண்டு. கணக்கெடுப்பவர் கண்ணில் படாத இழப்பு அது.

குடிசையைச் சுற்றிச் சீமைக்கருவேல மரங்கள் அடர்ந்து நின்றன. நம் ஊரில் வேரோடு பிடுங்கச் சொல்லி வழக்குமன்றம் வரை போன அதே மரம் இங்கேயும் ஓடைக்கரைகளையும் மேய்ச்சல் தரிசுகளையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணோ அது இல்லாவிட்டால் என்ன எரிப்பது என்று கேட்டார். அவர் கேள்விக்கு விடை சொல்லாமல் அந்த மரத்தைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 13, புதன்: போப்பா, பகான்

போப்பா மலை 1,518 மீட்டர் உயரமுள்ள அவிந்த எரிமலை. அடிவாரத்துக் குன்றுக் கோயிலுக்கு 777 படிகள். குரங்குகள் ஒரு மூதாட்டியின் பூக்கூடையைப் பறித்துக்கொண்டு ஓட, எங்கள் ஓட்டுநர்த் தம்பி துரத்திப்போய்ப் பாதியை மீட்டுக் கொடுத்தார். மலையில் காடு காக்கப்படுகிறது. உயரத்தினால் அங்கே மழை சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனாலும் கீழ்நிலமெல்லாம் வெந்து கிடக்கும் மார்ச்சில் அந்தச் சரிவிலிருந்து ஊற்று நீர் வருவதற்கு, மழையைப் பிடித்துவைக்கும் காட்டு மண்ணும் காரணம். முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால்தான் பாலை என்று படித்து வளர்ந்தவர்களுக்கு, அந்தத் திரிபு நடக்கும் எல்லையைப் போப்பாவின் அடிவாரத்தில் அரை மணி நேர நடையில் பார்த்துவிடலாம்.

பகானில் மாலையைக் கழித்தோம். 2,000க்கும் மேற்பட்ட செங்கல் கோயில்கள் நிற்கும் சமவெளி. இவற்றுக்குச் செங்கல் சுட்டுத்தான் காடு அழிந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சூளை நெருப்புக்கு மரம் போயிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழெட்டு நூற்றாண்டுக்கு முந்தைய சூளையின் மேல் எல்லாப் பழியையும் ஏற்றிவிட்டால், நேற்று வெட்டிய மரத்துக்கும் இன்று எரியும் தண்டுக்கும் யாரும் பொறுப்பில்லாமல் போய்விடுகிறது. மன்னர் காலத்துக் காடு பல முறை திரும்ப முளைத்திருக்க முடியும். முளைக்கவிடாமல் தடுத்தது எது என்பதே பயனுள்ள கேள்வி.

மார்ச் 14, வியாழன்: பகோக்கு

ஐராவதியின் மேல் 2011 கடைசியில் திறந்த நீண்ட பாலத்தைக் கடந்து பகோக்குவுக்கு வந்தோம். மார்ச் மாத நதி நடுநடுவே மணல் தீவுகளாகப் பிரிந்து கிடந்தது. சந்தையில் தனாக்காக் கட்டை, போர்வை, சுருட்டு வியாபாரம் மும்முரம். புளி மிட்டாய்ப் பொட்டலம் 500 சாட். நேற்றிலிருந்து வெயிலால் எனக்குத் தலைச்சுற்றல். சுருட்டுக் கடைக்காரப் பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே பாய் விரித்துப் படுக்கச் சொல்லி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தார்.

அந்தக் கடைத் திண்ணையில் படுத்துக்கொண்டுதான் 2011 அக்டோபர் வெள்ளத்தின் கதையைக் கேட்டேன். மேற்கே பெய்த கடும் மழை ஓடைகளில் இரவோடு இரவாக இறங்கி, 100க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. வறட்சியால் வாடும் ஊரில் வெள்ளத்தால் சாவு என்பது வெளியூர்க்காரருக்குப் புரியாத செய்தியாக இருக்கலாம். மெய்க்டிலா ஏரிக்கரையில் கேட்டதையும் மடாலய வேலியருகே பார்த்ததையும் சேர்த்து எண்ணினால், மண்ணில் இறங்க முடியாத நீர் ஒரே நேரத்தில் பள்ளத்துக்கு ஓடிவந்ததாகத்தான் அது தெரிகிறது.

கடைக்கு வந்த ஆட்டு வியாபாரி ஒருவர் தம் தரப்பைச் சொன்னார். முன்பு மேய்ச்சலுக்குப் பொதுத் தரிசு இருந்தது. குடும்பங்கள் பிரியப் பிரிய அதையும் உழுதுவிட்டார்கள். மீந்த துண்டுகளில் ஆடுகள் குவிந்து, தளிரையும் பட்டையையும் கடிக்கின்றன. ஆடுதான் பாலைவனத்தை உண்டாக்குகிறது என்று அதிகாரிகள் சொல்லும்போது அவருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் வயலை விற்க முடியாது, ஆட்டை விற்கலாம். அதனால்தான் வறட்சி கூடக்கூட ஆடும் கூடுகிறது.

நிலத்தின் மேல் உரிமை என்ன என்பதும் இதில் சேரும். 2008 அரசியல் சட்டப்படி எல்லா நிலத்துக்கும் இறுதி உரிமையாளர் அரசுதான். 1960களிலிருந்து நெடுங்காலம் எதை விதைப்பது என்பதையே மேலிருந்து சொன்னார்கள். 2012 சட்டம் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தது. ஆனால் பத்தாண்டு கழித்துப் பலன் தரும் வரப்பையும் மரத்தையும், பத்தாண்டு கழித்துத் தம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் வைப்பார்கள்? 1997இல் வறள்நிலப் பசுமையாக்கத்துக்கென்றே ஒரு துறை தொடங்கப்பட்டது. அது நட்ட தைல மரங்களைச் சாலையோரத்தில் நிறையப் பார்த்தேன். வேகமாக வளர்கின்றன, ஆனால் அவற்றின் நிழலில் மடாலயத்தில் கண்ட சருகுமெத்தையோ புல்லோ இல்லை.

காலநிலையும் சும்மா இல்லை. பருவமழை முன்பைவிடத் தாமதமாகத் தொடங்கி முன்னதாக முடிகிறது என்று இந்நாட்டு வானிலைப் பதிவுகள் காட்டுகின்றன. இங்கிருந்து வடகிழக்கே உள்ள மியின்முவில் 2010 மே மாதம் 47.2 பாகை பதிவாயிற்று. மட்கு நிறைந்த மண் அந்தச் சூட்டை ஒரு வாரம் தாங்கும். வெளிறிய மணல் இரண்டே நாளில் நாற்றைக் கருக்கிவிடும்.

மார்ச் 15, வெள்ளி: மண்டலே

ஓட்டுநர்த் தம்பியின் பெற்றோர் வீட்டில் இரவு உணவு. துவரம்பருப்புச் சாம்பார், புளிச்சக்கீரைக் கடைசல், பொரித்த ஐராவதி மீன். தம்பியின் அம்மா தட்டில் சோறு தீருமுன்பே மறுசோறு போட்டபடி இருந்தார். அவருடைய கணவரும் பருப்புத் தொழிலில் இருந்தவர். பேச்சு இயல்பாக விலைக்குத் திரும்பியது.

2015இல் இந்தியாவில் துவரம்பருப்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, சென்னைக் கடைகளில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அந்த விலையைக் கேட்டு இந்த வறள்நிலத்தில் கிடைத்த சரிவையெல்லாம் உழுது துவரை போட்டார்கள். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. இந்தியாவைத் தவிரப் பெரிதாக வாங்குவாரில்லாத பயிர் அது. விலை பாதிக்கும் கீழே விழுந்தது. தன் நாட்டு விவசாயியைக் காக்க ஓர் அரசு எடுத்த முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவு இந்த மண்ணில் எங்கே விழுந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். துவரை ஆழ வேரோடும். காற்றிலிருந்து தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். எள்ளும் கடலையும் எடுத்த பிறகும் மாதக்கணக்கில் நின்று நிலத்துக்கு நிழல் தரும். விலை விழுந்ததும் முதலில் குறைந்தவை அந்த வரிசைகள்தாம். கடனுக்கு வட்டி கட்ட, உடனே காசாகும் எள் மட்டும் மிஞ்சியது. அரசு வங்கிக் கடன் பெரும்பாலும் நெல்லுக்கே போவதால், மேட்டு நில விவசாயி தனியாரிடம்தான் வாங்குகிறார். அறுவடையன்றே விற்று அடைக்கிறார்.

அமெரிக்கச் சமவெளியில் 1930களில் எழுந்த புழுதிப் புயல்களின் பின்னாலும் இதே வரலாறு உண்டு. முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியபோது புல்வெளியை உழுதார்கள். விலை இறங்கியபோது வருமானத்தை ஈடுகட்ட இன்னும் அதிகமாக உழுதார்கள். பிறகு மழை பொய்த்ததும் மண் பறந்தது. ஆப்பிரிக்காவில் சகாராவின் தெற்கு விளிம்பை ஒட்டிய சாகேல் பகுதியில் 1968இல் தொடங்கிய பெரும் வறட்சிக்குப் பிறகு, சகாரா தெற்கே நடந்துவருகிறது என்று உலகமே அஞ்சி, 1977இல் நைரோபியில் மாநாடு கூட்டியது. பிந்தைய ஆண்டுகளில் மழை திரும்பியதும் அங்கே பல இடங்கள் மீண்டும் பசுமையாயின. மண் மிஞ்சியிருந்த இடங்களில் அப்படி மீள முடிந்தது. மழை போய்த் திரும்பி வரும்; ஓடையில் போன மேல்மண் ஒரு தலைமுறையில் திரும்பாது. இதை எங்கள் தொழிலில் உள்ளவர்கள், வாங்குபவர்கள், சாம்பார் வைப்பவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் சவுக்பதவுங் விவசாயி மாமாவின் கைபேசிக்கு அழைத்தார். வரும் ஏப்ரலுக்குப் பிறகு இந்தியா எவ்வளவு துவரை வாங்கும் என்று செய்தி ஏதும் வந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றார் மாமா. அப்படியானால் மே விதைப்பில் துவரை வரிசைகளைப் பாதியாகக் குறைக்கப் போவதாக அவர் சொன்னார். ஓடை விளிம்பை ஒட்டிய ஓர் ஏக்கரிலாவது வரிசைகளைக் குறைக்க வேண்டாம், அதன் விளைச்சலைச் சந்தை விலை எதுவானாலும் தாமே எடுத்துக்கொள்வதாகவும், விதைக்கு இப்போதே பணம் அனுப்புவதாகவும் மாமா சொன்னார். அந்த ஏக்கரின் தண்டை மட்டும் வெட்டாமல் வயலிலேயே விட முடியுமா என்றும் கேட்டார். விதைக்கு அவர் உடனே சம்மதித்தார். தண்டைப் பற்றி, அடுப்பு பார்ப்பவர் மனைவி என்பதால், அவரைக் கேட்டுவிட்டு நாளை சொல்வதாகக் கூறி அழைப்பை முடித்தார்.